தப்பு என் மேல்தான் என்கிறார்கள், எனக்கு ஏதாவது கிடைக்குமா?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய குடோனில் கான்ட்ராக்ட் ஆளாக வேலை பார்த்த 35 வயது வாசகர் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் முதலில் சொல்கிறேன்.

2025 மே மாதம், இரவு ஷிப்ட். லாரியிலிருந்து சோப்புத் தூள் பெட்டிகளை இறக்கும் வேலை. பெட்டிகளை அடுக்கும் பலகைத் தளத்துக்குப் பேலட் என்று பெயர்; சரக்கோடு ஒவ்வொன்றும் ஒரு டன்னை நெருங்கும். கையால் இழுக்கும் பேலட் டிரக்கில், அங்கே எல்லோரும் 'ட்ராலி' என்கிறார்கள், ஒரு பேலட்டை எடுத்துக்கொண்டு லோடிங் மேடைச் சரிவில் இறங்கியிருக்கிறார். பெட்டிகள் தலைக்கு மேல் உயரமாக அடுக்கியிருந்ததால், பின்னால் நின்று தள்ளினால் வழி தெரியாது என்று முன்னால் நின்று இழுத்திருக்கிறார். பாதிச் சரிவில் வண்டி அவரை முந்தியது. இடது கால் சக்கரத்துக்கும் தரையில் இருந்த இரும்புத் தகட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. கட்டை விரலை அடியோடு எடுத்துவிட்டார்கள். அடுத்த விரல் இருக்கிறது, மடங்குவதில்லை.

கான்ட்ராக்டர் அவரை ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், 'பைக்கில் இருந்து விழுந்துட்டேன்னு சொல்லு, இல்லேன்னா போலீஸ் கேஸாகிடும், சேர்த்துக்க மாட்டாங்க' என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிவிட்டு, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மூன்றரை மாதம் வீட்டில் படுக்கை, சம்பளம் கிடையாது. திரும்பப் போனபோது 'இந்தக் காலை வச்சிக்கிட்டு என்ன பண்ணுவ' என்று வாய்மொழியாகவே அனுப்பிவிட்டார்கள். மாதச் சம்பளம் 16,000 ரூபாய். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் 120 ரூபாய் என்று இருக்கிறது. ஆனால் கையில் இ.எஸ்.ஐ. கார்டு கொடுத்ததே இல்லை. சேர்ந்து இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது.

கடிதத்தில் நான்கு இடத்தில் ஒரே வரி வருகிறது: 'மேடம், தப்பு என் மேலதான். இழுத்திருக்கக் கூடாது, தள்ளியிருக்கணும்.' கடைசியில் அவர் மனைவியும் இரண்டு வரி சேர்த்திருக்கிறார். அதற்குப் பிறகு வருகிறேன்.

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் சட்டம் கேட்டு எழுதியிருக்கிறீர்கள் என்று தொடக்கத்தில் நினைத்தேன். இரண்டாம் முறை படித்தபோது, தண்டனையை ஏற்றுக்கொண்டுவிட்ட ஒருவர் எழுதியது போல இருந்தது. அதனால் அந்தத் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தப்பு யார் மேல் என்பது இங்கே கேள்வியே இல்லை

சாலை விபத்து வழக்கு பார்த்துப் பார்த்து, 'யார் கவனக்குறைவு' என்று நிரூபித்தால்தான் பணம் வரும் என்று நம் ஊரில் எல்லோரும் நினைக்கிறோம். வேலையிடத்துக் காயத்துக்கு விதி அது இல்லை. 1923இல் வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமும் சரி, 1948இல் வந்த இ.எஸ்.ஐ. சட்டமும் சரி, கேட்பது ஒன்றுதான்: வேலை நேரத்தில், வேலையின் காரணமாகக் காயம் பட்டதா? பட்டது என்றால் பொறுப்பு வந்துவிடும். முதலாளி நல்லவரா, தொழிலாளி கவனமாக இருந்தாரா என்பதெல்லாம் அப்புறம்.

விதிவிலக்கு உண்டு, மறைக்கவில்லை. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்று இருக்கிறது: குடி அல்லது போதையில் இருந்தது, பாதுகாப்புக்காக வெளிப்படையாகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றியது அல்லது ஒதுக்கியது. சாவு, நிரந்தர முழு ஊனம் என்றால் இந்த மூன்றும்கூடப் பேசாது. நீங்கள் குடிக்கவில்லை. 'தள்ளு, இழுக்காதே' என்று சூப்பர்வைசர் எப்போதோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது எழுத்தில் இருந்ததா? பயிற்சி கொடுத்தார்களா? அதே சூப்பர்வைசர் கண்ணெதிரே தினமும் பத்துப் பேர் இழுத்துக்கொண்டுதானே போனார்கள்? வழி தெரியாததால் இழுத்ததற்கு 'வேண்டுமென்றே மீறியது' என்று பெயர் இல்லை. இ.எஸ்.ஐ. சட்டத்தில் 51-பி பிரிவு இன்னும் தாராளம். உத்தரவை மீறியே செய்திருந்தாலும், முதலாளியின் வேலைக்காகத்தான் செய்தார் என்றால் அது வேலை விபத்துதான் என்கிறது.

சட்டத்தை விடுங்கள், வண்டியைப் பற்றி யோசியுங்கள். சாதாரணக் கை பேலட் டிரக்கில் பிரேக் கிடையாது. கைப்பிடியில் இருக்கும் சின்ன நெம்புகோலுக்கு மூன்று நிலை: தூக்க, நடுவில் நிறுத்த, இறக்க. இறக்கினால், பேலட்டைத் தாங்கும் இரும்பு முள் தாழ்ந்து, பேலட் தரையில் உட்கார்ந்து வண்டி நிற்கும் என்று அதையே பிரேக்காகப் பயன்படுத்துகிறார்கள். 'அதை அழுத்த மறந்துட்டேன்' என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். சமதளத்துக்குச் செய்த வண்டி அது. பத்தடிக்கு ஓரடி சரியும் மேடையில் ஒரு டன் எடை இறங்கும்போது, ஏறக்குறைய நூறு கிலோ விசை கீழே இருக்கும் ஆளை நோக்கித் தள்ளும். நூறு கிலோவை ஒரு நெம்புகோலாலும் இரண்டு கையாலும் யார் பிடிப்பார்? சரிவில் போவதென்றால் பிரேக் உள்ள வண்டி வேண்டும், இல்லையென்றால் இரண்டு ஆள் வேண்டும், ஆள் எப்போதும் மேட்டுப் பக்கம் நிற்க வேண்டும். பிரேக் வைத்த பேலட் டிரக் சந்தையில் கிடைக்காமல் இல்லை. அதை வாங்காமல் விட்டது நீங்கள் இல்லை. பெட்டியைத் தலைக்கு மேல் அடுக்கச் சொன்னதும் நீங்கள் இல்லை.

இன்னொன்று. 'சேஃப்டி ஷூ போடலை, அதனால கிளைம் வராது' என்று கான்ட்ராக்டர் சொன்னாராம். கொடுத்திருந்தால்தானே போடாமல் இருக்க? நீங்கள் சொந்தக் காசில் வாங்கிய கேன்வாஸ் ஷூவில் இருந்தீர்கள் என்பது உங்களுக்கு எதிரான சாட்சியம் இல்லை, அவர்களுக்கு எதிரானது. என்னிடம் வந்த பேலட் டிரக் வழக்குகளில் விரலைவிடக் குதிகால் நரம்பு அறுந்தவர்கள்தான் அதிகம். முன்னால் நின்று இழுப்பவரின் பின்னங்காலில் வண்டி வந்து மோதும். அதற்கு விரல் பக்கம் இரும்பு வைத்த ஷூ போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

இ.எஸ்.ஐ.யா, நஷ்டஈடா?

உங்கள் நண்பர் 'கம்பெனி மேல 25 லட்சத்துக்கு கேஸ் போடு' என்றிருக்கிறார். இதை நான் திருத்தியாக வேண்டும். நீங்கள் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வந்தால், அந்தச் சட்டத்தின் 53ஆவது பிரிவின்படி, அதே காயத்துக்கு முதலாளியிடம் தனியாக நஷ்டஈடு கேட்க முடியாது. இரண்டில் எது லாபமோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தேர்வு உங்கள் கையில் இல்லை.

இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 21,000 ரூபாய், 2017 ஜனவரி முதல். உங்கள் சம்பளம் அதற்குள். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 16,000க்கு 120 ரூபாய், சம்பளச் சீட்டில் இருக்கும் அதே தொகை. முதலாளி பங்கு 3.25 சதவீதம், 520 ரூபாய். ஆக உங்களை இ.எஸ்.ஐ.க்கு உட்பட்டவராகத்தான் அவர்களே கணக்கு வைத்திருக்கிறார்கள்.

'பிடித்தார்கள், ஆனால் கட்டினார்களா தெரியாது' என்பது உங்கள் பயம். சட்டம் 'காப்பீடு செய்யப்பட்டவர்' யார் என்று சொல்லும்போது, சந்தா செலுத்தப்பட்டவர் என்று சொல்லவில்லை, செலுத்த வேண்டியவர் என்கிறது. அந்த ஒரு சொல்லில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது. முதலாளி கட்டாமல் விட்டால் இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் உங்களுக்குப் பலனைக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூல் செய்துகொள்ள 68ஆவது பிரிவு இருக்கிறது. 'சேர்ந்து இரண்டரை மாதம்தான்' என்ற தயக்கமும் வேண்டாம். நோய் பலனுக்குத்தான் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு. வேலைக் காயத்துக்குக் கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. கான்ட்ராக்ட் ஆள் என்பதும் தடையில்லை. கான்ட்ராக்டர் ஆட்களின் சந்தாவுக்கும் முதன்மை முதலாளி, அதாவது குடோன் கம்பெனிதான், முதலில் பொறுப்பு.

ஒரு எச்சரிக்கை. விபத்து நடந்த பிறகு அவசர அவசரமாக ஆளை ஆன்லைனில் பதிவு செய்து, அன்றுதான் வேலைக்குச் சேர்ந்ததாகக் காட்டும் பழக்கம் இருக்கிறது. உங்கள் பத்து இலக்க இ.எஸ்.ஐ. எண் கிடைத்ததும், அதில் சேர்ந்த தேதி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். மார்ச் சம்பளச் சீட்டு உங்களிடம் இருப்பது இந்த இடத்தில்தான் உதவும்.

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். தோராயமாகச் சொல்கிறேன். படுக்கையில் இருந்த நாட்களுக்குத் தற்காலிக ஊனப் பலன், சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவீதம். 16,000க்கு நாள் ஒன்றுக்கு 480 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 105 நாளுக்கு 50,400. அதன்பின் நிரந்தரப் பகுதி ஊனம். சட்டத்தின் அட்டவணையில், கட்டை விரலை அடி மூட்டோடு இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு. 480இல் 14 சதவீதம் 67 ரூபாய். மாதம் 2,000 ரூபாய் அளவில், உயிரோடு இருக்கும்வரை. 'இவ்வளவுதானா' என்று தோன்றும். எனக்கும் ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

ஏதோ காரணத்தால் நீங்கள் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வரவே இல்லை என்று முடிவானால், 1923ஆம் ஆண்டுச் சட்டம் உங்களைக் கைவிடாது. குடோனில் சரக்கு கையாளுபவர்கள் அதன் அட்டவணையில் இருக்கிறார்கள். அங்கே கணக்கு வேறு. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய் வரைதான் எடுப்பார்கள். அதில் 60 சதவீதம் 9,000. உங்கள் வயதுக்கான காரணி 197.06. பெருக்கினால் 17,73,540 ரூபாய். அதில் 14 சதவீதம் 2,48,295. ஒரே தவணையில் வரும் தொகை. விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் முதலாளி கொடுக்க வேண்டும், தாமதித்தால் 12 சதவீத வட்டி, சரியான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதம். ஆஸ்பத்திரிச் செலவு தனி, அது முதலாளியின் கடமை. இதிலும் கான்ட்ராக்டர் கையை விரித்தால் குடோன் கம்பெனியிடமே நேராகக் கேட்கலாம், 12ஆவது பிரிவு. பார்வைக்கு இது பெரிதாகத் தெரியும், ஆனால் இ.எஸ்.ஐ. மாதத் தொகை பத்து வருடத்தில் இதைத் தொட்டுவிடும், அதற்குப் பிறகும் வந்துகொண்டிருக்கும். உங்களுக்கு வயது 35தான்.

அந்த 14 சதவீதத்தை இறுதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1975இல் உச்ச நீதிமன்றம் ஒரு தச்சர் வழக்கில் தீர்ப்பு சொன்னது, பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்பார்கள். இடது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. அட்டவணைப்படி அது பகுதி ஊனம். ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அந்தத் தொழிலுக்கு அவர் முழு ஊனம் என்று ஏற்றுக்கொண்டது நீதிமன்றம். உங்களுக்கு முழு ஊனம் கிடைக்கும் என்று ஆசை காட்ட மாட்டேன், கிடைக்காது. ஆனால் ஒரு டன்னைத் தள்ளுகிறவன் தரையை ஊன்றுவது கட்டை விரலால்தான். பக்கத்து விரலும் விறைத்திருக்கிறது. உங்கள் வேலைக்கு அது எவ்வளவு இழப்பு என்பதை, ஊன சதவீதத்தை முடிவு செய்யும் மெடிக்கல் போர்டு முன் நீங்களே சொல்ல வேண்டும். 'நடக்க முடியுதா?' என்று கேட்டால் 'முடியுது சார்' என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, எந்தப் படியில் தடுமாறுகிறது, என்ன எடையைத் தூக்கினால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். போர்டு முடிவு சரியில்லை என்றால் மேல்முறையீடு உண்டு. அதற்குக் காலக்கெடு குறுகியது, கடிதம் கைக்கு வந்த வாரமே ஒருவரிடம் காட்டுங்கள்.

மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினால் எல்லாம் சரியாகும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது வேறு அளவுகோல், வேறு அலுவலகம். அரசுச் சலுகைகள் பெரும்பாலானவற்றுக்கு 40 சதவீதம் வேண்டும். ஒரு கட்டை விரலுக்கு அது வராது. ஊனத்தால் வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்ற 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பும் அரசு நிறுவனங்களுக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதன் பின்னால் அலைந்து நாளை வீணாக்க வேண்டாம்.

புதுச் சட்டம் வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். ஆமாம், 2025 நவம்பர் 21 முதல் 1923, 1948ஆம் ஆண்டுச் சட்டங்கள் இரண்டும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் போய்விட்டன. உங்கள் விபத்து அதற்கு முன் மே மாதத்தில் நடந்தது. அன்று உருவான உரிமை, சட்டத்தின் பெயர் மாறியதால் காணாமல் போகாது.

ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கும் பொய்

உங்கள் வழக்கில் என்னைப் பயமுறுத்துவது இது ஒன்றுதான். சேர்க்கைச் சீட்டில் 'பைக்கில் இருந்து விழுந்ததில்' என்று இருக்கிறது. இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலோ கோர்ட்டிலோ எதிர்த்தரப்பு முதலில் நீட்டப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.

ஆனால் நீங்கள் படம் எடுத்து அனுப்பிய பக்கங்களில் ஒன்றைக் கவனித்தீர்களா? நான்காவது பக்கம், ஆபரேஷன் குறிப்பு. அங்கே டாக்டர் 'கிரஷ் இஞ்சுரி' என்று எழுதியிருக்கிறார், அதாவது நசுங்கிய காயம். பாதத்தின் மேல்தோலில் கிரீஸ் கறை இருந்ததாகவும் ஒரு வரி. பைக்கில் இருந்து விழுந்தவருக்கு முழங்கை, முழங்கால், உள்ளங்கை சிராய்ந்திருக்கும். உங்களுக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை. முன்பக்கம் எழுதியவர் சொன்னதைக் கேட்டு எழுதினார். நான்காம் பக்கம் எழுதியவர் கண்ணால் பார்த்து எழுதினார். அந்த வித்தியாசம் நமக்குப் போதுமான பிடி.

ஆஸ்பத்திரியில் உங்கள் முழு ஃபைலையும் எழுத்தில் கேளுங்கள்: எக்ஸ்ரே, நர்ஸ் குறிப்பு, ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்) போட்டிருந்தால் அது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் நடத்தை விதி. அன்று இரவு நீங்கள் ஷிப்டில் இருந்ததற்கு வேறு என்னென்ன இருக்கிறது என்று யோசியுங்கள். கேட் ரிஜிஸ்டர், விரல் ரேகை வருகைப் பதிவு, ஷிப்ட் வாட்ஸ்அப் குரூப்பில் 'ட்ராலி கால்ல ஏறிடுச்சு' என்று யாராவது போட்ட செய்தி. அந்தக் குரூப்பிலிருந்து உங்களை நீக்குவதற்கு முன் எல்லாவற்றையும் சேமித்துவிடுங்கள். கேமரா பதிவு இந்நேரம் அழிந்திருக்கும்; இருந்தாலும் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்புங்கள். பதில் வராததும் ஒரு பதிவுதான்.

மனுவில் பெயரைச் சரியாக எழுதுங்கள். எனக்கு ஆரம்ப காலத்தில் ஒரு அடி விழுந்தது. கட்சிக்காரர் சொன்னபடியே 'ட்ராலி' என்று எழுதிவிட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் கம்பெனியின் உபகரணப் பட்டியலை நீட்டி, 'எங்களிடம் ட்ராலியே இல்லை, ஹேண்ட் பேலட் டிரக்தான் இருக்கிறது' என்றார். அந்தச் சொல்லைச் சரிசெய்ய மூன்று வாய்தா போனது. ஆகவே 'கையால் இயக்கும் ஹேண்ட் பேலட் டிரக், தொழிலாளர்கள் ட்ராலி என்று அழைப்பது' என்றே எழுதுங்கள்.

போலீஸ் புகார் இல்லாமல் எதுவும் நடக்காது என்று நினைக்கிறீர்கள். நஷ்டஈட்டுக்கோ இ.எஸ்.ஐ.க்கோ எஃப்.ஐ.ஆர். தேவையில்லை. அஜாக்கிரதையால் கொடுங்காயம் ஏற்படுத்தியதாகப் புகார் கொடுக்க வழி இருக்கிறது, அது உங்கள் விருப்பம். ஆனால் அதை மிரட்டலாகப் பயன்படுத்தச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். சாட்சி சொல்ல வேண்டிய உங்கள் ஷிப்ட் தோழர்கள்தான் முதலில் பயந்து ஒதுங்குவார்கள்.

அந்த வெள்ளைத் தாள்

அதில் அவர் என்ன எழுதிக்கொண்டாலும், நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் செல்லாது. இ.எஸ்.ஐ. பலன் கார்ப்பரேஷனுக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ளது. கான்ட்ராக்டர் தாள் அதைக் கட்டுப்படுத்தாது. எனக்குக் கவலை வேறு. நாளைக்கு அதே தாள் 'ஆஸ்பத்திரிக்குக் கடன் கொடுத்தேன்' என்று பத்திரமாக மாறி வரலாம். அதனால் இப்போதே ஒரு பதிவுத் தபால்: இன்ன தேதியில், இன்ன நிலையில், எழுதாத தாளில் கையெழுத்து வாங்கினீர்கள், நான் யாரிடமும் கடன் வாங்கவில்லை, தாளைத் திருப்பித் தாருங்கள். நான்கு வரி போதும். கோபமாக எழுத வேண்டாம்.

அதே தபாலில் வேலையைப் பற்றியும் எழுதுங்கள். 'என்னை வரவேண்டாம் என்று வாய்மொழியாகச் சொன்னீர்கள். என் காலுக்கு ஏற்ற வேலை கொடுத்தால் வரத் தயார்.' நீங்களாகவே நின்றுவிட்டீர்கள் என்று அவர்கள் சொல்வதற்கு முன் இது போய்ச் சேர வேண்டும். வேலை நீக்கம் தனி வழக்கு, தொழிலாளர் துறையில் சமரச அதிகாரி முன் தொடங்கும். இரண்டையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள்.

இந்த வாரத்து வேலை

விபத்து நடந்து ஒன்பது மாதம் ஆகிறது. இ.எஸ்.ஐ. பலனை அது சேர வேண்டிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் கேட்டுவிடுவது நல்லது. தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி நிற்க வேண்டும். உங்கள் பகுதிக் கிளை அலுவலகத்துக்கு ஆதார், சம்பளச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எடுத்துக்கொண்டு போங்கள். விபத்து அறிக்கை கொடுக்க வேண்டியது முதலாளிதான். அவர் கொடுக்கவில்லை என்பதால் நீங்களே எழுதிக் கொடுங்கள், நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். தனியார் ஆஸ்பத்திரி சர்டிபிகேட் செல்லாது என்று கவுண்டரில் சொன்னால், மாற்று ஆதாரமாக ஏற்க விதியில் இடம் இருக்கிறது என்று பொறுமையாகச் சொல்லி, மனுவிலும் எழுதுங்கள். நிராகரித்தால் இ.எஸ்.ஐ. கோர்ட் இருக்கிறது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இரண்டு வருடம் கெடு, ஆக அந்தக் கதவும் இன்னும் திறந்துதான் இருக்கிறது.

வக்கீல் செலவுக்குக் கடன் வாங்க வேண்டாம். தொழிற்சாலை, குடோன் தொழிலாளிக்கும் ஊனமுற்றவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். 'வர்றதுல இருபது பர்சன்ட்' என்று பேசுகிற வக்கீல் கிடைத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப் பங்கு பேசுவதற்கு பார் கவுன்சில் விதியே தடை. என் தொழிலைப் பற்றி நானே சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

இனி உங்கள் மனைவி எழுதிய இரண்டு வரி. அன்று போட்டிருந்த ஷூ ரத்தக் கறையோடு பரணில் கிடக்கிறது, அதைப் பார்த்தாலே இவர் முகம் மாறுகிறது, தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம்மா. கழுவவும் வேண்டாம். மேலே கிரீஸ் கறையும் விரல் பக்கம் நசுங்கிய தடமும் இருக்கிறதா என்று பார்த்து, நாலு பக்கமும் போட்டோ எடுத்து, ஒரு துணிப்பையில் போட்டு, மேலே விபத்து நடந்த தேதியை எழுதி உங்கள் அம்மா வீட்டில் வைத்துவிடுங்கள். அவர் கண்ணில் பட வேண்டியதில்லை. மனு போடும் அன்று எடுத்து வந்தால் போதும்.